பேயைப் பார்த்த ஒரே சாட்சி

பெரம்பலூர் மாவட்டத்திலேயே பேயை நேருக்கு நேர் பார்த்து, அதற்கு வணக்கமும் வைத்துவிட்டு, பதறாமல் திரும்பி வந்த ஒரே ஆள் நான்தான். இது பச்சைப் பொய். இருட்டினால் கொல்லைப்பக்கம் போகவே வீட்டுக்காரியைத் துணைக்குக் கூப்பிடுகிற ரகம் நான். ஆனாலும் இந்தப் பொய்யை இரண்டு வருஷம் வைத்து ஓட்டினேன். போன வைகாசியில், வேப்பந்தட்டைக்குப் பக்கத்தில் ஒரு காட்டு வீட்டில், பட்டப்பகல் மூன்று மணிக்கு அது முடிவுக்கு வந்தது.

நான் படித்தது மூன்றாம் வகுப்பு. அதையும் படித்தேன் என்று சொன்னால் வாத்தியார் சண்டைக்கு வருவார். அதனால் நான் வாயால் சொல்லச் சொல்ல, போன் எழுதிக்கொள்கிறது. தொழில், லோடு ஆட்டோ.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் சின்ன வெங்காயம் ஏற்றப் போக வேண்டியவன், வழியில் புளியமர நிழலில் வண்டியை நிறுத்திவிட்டுத் தூங்கிவிட்டேன். டீக்கடையில் வெங்காயக்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள். தப்பிக்க வேண்டுமே! "வர்ற வழியில அந்த மோட்டார் கொட்டகை வாசல்ல, போன மாசம் செத்துப்போனவரு நின்னாருய்யா. வணக்கம் வெச்ச பெறவுதான் வண்டியே நவுந்துச்சு" என்றேன். திட்டு நின்றது. ஒருவர் எனக்கு டீயும் சொன்னார்.

செத்துப்போனவர் ஒரு விவசாயி. சர்க்கரை முற்றி, முழங்காலுக்குக் கீழே ஒரு காலை எடுத்துவிட்டார்கள். கடைசி வருஷம் முழுக்க மோட்டார் கொட்டகையில் கட்டில் போட்டு, மக்காச்சோளக் காட்டைப் பார்த்தபடியே படுத்திருந்தார்.

மறுநாள் அவருடைய சம்சாரம் ரோட்டில் நின்று வண்டியை மறித்தார். விளக்குமாற்றால் வாங்கப்போகிறேன் என்று நினைத்தேன். அவரோ மெதுவாகக் கேட்டார். "தம்பி, நீ பாத்தியாமே. காலு எப்படி இருந்துச்சு?"

அந்த முகத்தைப் பார்த்த பிறகு எனக்கு உண்மை வரவில்லை. "ரெண்டு காலும் இருந்துச்சுக்கா. நல்லா நடந்து போனாரு."

முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் நிறுத்தி, "இன்னைக்குப் பாத்தியா?" என்பார். நானும் ஒருநாள் துண்டு, ஒருநாள் வேட்டி என்று பேச்சிலேயே செத்தவருக்கு உடுத்திவிட்டுப் போவேன். நல்லதுதானே செய்கிறோம் என்றுகூட ஒரு நினைப்பு.

அந்த அக்காவுக்குக் கண் மங்க ஆரம்பித்தது. புரையோடு அழுத்தமும் இருக்கிறது, சீக்கிரம் ஆபரேஷன் செய்யாவிட்டால் பார்வை போய்விடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அரியலூரில் சிமெண்ட் ஆலையில் வேலை பார்க்கும் மகன் வந்து வந்து கூப்பிட்டார். அக்கா அசையவில்லை. "ஒங்கப்பா இங்க இருக்காரு. அவர வுட்டுட்டு நான் எப்படி வர்றது?" சுவரைத் தடவித் தடவி நடக்கிறார். வீட்டுக்குப் பதினைந்து அடியில் சுற்றுச்சுவர் இல்லாத கிணறு, அதை ஒட்டித்தான் அந்த மோட்டார் கொட்டகை.

வேறு வழி தெரியாமல்தான் அந்த மகன், பேய் இருப்பதாகச் சொல்கிற இடங்களை ஆராய்கிற ஒரு குழுவைத் திருச்சியிலிருந்து வரவழைத்தார். நாலு பேர். பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டிலிருந்து அவர்களின் பெட்டிகளை ஏற்றிப்போக என் வண்டி. வேடிக்கை பார்க்கலாம் என்று குஷியாகப் போனேன். இறங்கியதும் குழுவின் தலைவியம்மா என் பக்கம் திரும்பி, "நேர்ல பாத்தவர் நீங்கதானாமே? முதல்ல உங்ககிட்டதாங்க பேசணும்" என்றார். நான் பெட்டி கட்டிய கயிற்றை அவிழ்ப்பதுபோல் குனிந்துகொண்டேன்.

தனியாக உட்காரவைத்துக் கேட்டார். எங்கே நின்றீர்கள், வெயில் எந்தப் பக்கம், எவ்வளவு தூரம். முகம் தெரிந்ததா என்று கேட்டால் மாட்டிக்கொள்வோம் என்று, "முதுகுதாங்க தெரிஞ்சுது" என்றேன்.

"வணக்கம் வெச்சேன்னு சொன்னீங்களாமே. முதுகுக்கா?"

அப்போதே விழுந்து கும்பிட்டிருக்க வேண்டும். சிரித்துச் சமாளித்தேன். அவர் சிரிக்காமல் எழுதிக்கொண்டார்.

பேச்சை மாற்ற, "பகல்லயாங்க பேய் பாப்பாங்க?" என்று கேட்டேன். "அம்மாவுக்குக் கொட்டகையில தட்டுற சத்தம் மத்தியானந்தானே கேக்குது. அதுவும் இல்லாம, தெரியாத கெணத்தடியில இருட்டுல நடந்தா நாமதாங்க பேயாவோம்" என்றார். முதல் வேலையாகக் கிணற்றைச் சுற்றிக் குச்சி நட்டுக் கயிறு கட்டினார்கள். யாரும் எங்கும் தனியாகப் போகக் கூடாது. செத்தவரை வம்புக்கு இழுத்து ஒரு வார்த்தை பேசக் கூடாது. அக்கா போதும் என்றால் அந்த நிமிஷமே நிறுத்த வேண்டும். கொட்டகை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, "ஐயா, உள்ள வர்றோங்க" என்று சொல்லிவிட்டுத்தான் நுழைந்தார்கள். எனக்கு இன்னொன்றும் சொன்னார்கள். ரெக்கார்டர் ஓடும்போது யார் சத்தம் போட்டாலும், அது தன்னுடையது என்று அவரே உடனே சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் அப்புறம் கேட்கும்போது அது பேயின் கணக்கில் சேர்ந்துவிடும்.

அக்காவோடு கட்டிலைச் சுற்றி உட்கார்ந்தோம். முதலில் கேட்டது என் வயிறுதான். "அது என் வயிறுங்க." அடுத்து ஏப்பம். "அதுவும் நான்தாங்க." கேமராக்காரர் உதட்டைக் கடித்துக்கொண்டார்.

கொஞ்ச நேரத்தில் மேலே டொக், டொக் என்றது. எனக்கு உயிரே இல்லை. குழுவில் கையில் ஏதோ மீட்டர் வைத்திருந்தவர் வெளியே ஒருவரைத் துணைக்குக் கூட்டிப்போய், கூரைத் தகரத்தின்மேல் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றினார். படபடவென்று நாலைந்து தட்டு கேட்டது. வெயிலில் விரிந்து, சூடு தணிந்தால் சுருங்குகிற தகரம்தான் அது என்று பக்குவமாக எடுத்துச் சொன்னார்கள்.

அக்கா கலங்கவே இல்லை. "தகரம் தட்டுறது எனக்குத் தெரியாதாம்மா? இந்தக் கொட்டகையில எத்தினி வருசமா பொழங்குறேன். சத்தத்த வெச்சா நான் நம்புனேன்? தம்பி கண்ணால பாத்துச்சே!"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் தகரத்தைப் பார்த்தேன்.

தலைவியம்மா அக்காவிடம், உங்கள் வீட்டுக்காரரிடம் ஏதாவது கேட்க வேண்டுமா, நீங்களே கேளுங்கள் என்றார். அக்கா அந்தக் காலிக் கட்டிலில் கையை வைத்துக்கொண்டார். "கண்ணு வைத்தியத்துக்கு வரச் சொல்லி மவன் கூப்புடுறான். நான் போனா நீங்க தனியா இருந்துக்குவீங்களா? போவ வேணாம்னா ஒரு தட்டு தட்டுங்க."

பாழாய்ப்போன தகரம், சரியாக அந்த நேரத்தில் ஒரு தட்டு தட்டியது.

"பாத்தியாம்மா, போவ வேணாங்குறாரு" என்று அக்கா நிம்மதியாகச் சாய்ந்துகொண்டார்.

"அக்கா, அது தகரம். அவரப் பாத்ததா நான் சொன்னேன் பாருங்க, அந்தப் பேச்சு என்னுது. நான் யாரையும் பாக்கல. தூங்கிட்டு வந்து வாயில வந்தத அடிச்சு வுட்டேன்." என் வாயிலிருந்து இவ்வளவும் எப்படி வந்தது என்று இன்றும் தெரியவில்லை.

அக்கா என் குரல் வந்த பக்கம் திரும்பினார். "அப்ப, அந்தக் காலு?"

"அதுவும் நான் சொன்னதுதான்க்கா."

கட்டிலில் வைத்திருந்த கையை எடுத்துக்கொண்டார். பிறகு, "மிசின நிறுத்தும்மா" என்றார்.

நிறுத்திவிட்டார்கள். பதிவு செய்ததை என்ன செய்யட்டும் என்று கேட்டார்கள். வேண்டாம் என்றார் அக்கா. அவர் எதிரிலேயே எல்லாவற்றையும் அழித்தார்கள். ஆனால் பெட்டியைக் கட்டிய பிறகும் ஒருவரும் கிளம்பவில்லை. வேலை முடிந்து மகன் வந்து சேரும் வரை தலைவியம்மா தரையில் அக்காவுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். திரும்பும்போது வண்டியில் ஒன்றே ஒன்றுதான் சொன்னார். "காலையில கேட்டப்பவே சொல்லியிருக்கலாங்க."

மூன்று மாதம் அந்தப் பக்கம் ஹாரன் அடிக்காமல் போனேன். முந்தாநாள் அக்காவே போன் செய்தார். "வண்டி சும்மாத்தான கெடக்கு? கட்டிலு, பீரோ எல்லாம் அரியலூருக்குப் போவணும்." வலது கண்ணுக்கு அடுத்த வாரம் ஆபரேஷனாம். இடது கண்ணுக்கு இனி ஒன்றும் செய்ய முடியாது, காலம் கடந்துவிட்டது என்று சொல்லிவிட்டார்களாம். அதை அக்கா சாதாரணமாகத்தான் சொன்னார். நான்தான் வண்டியை ஓரம் கட்டினேன்.

"இன்னொண்ணு. வூட்டுக்குக் குடிவர்றவங்க பயப்படக் கூடாது. நீ கெளப்புனத நீயே போயி அமத்து" என்றும் உத்தரவு. அதனால் இரண்டு நாளாகக் கடை கடையாக ஏறி, நான் சொன்னது பொய் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஒரு பயலும் நம்பவில்லை. "பேயி மெரட்டி வெச்சிருக்கு போலருக்கு, பாவம்" என்கிறார்கள். நேற்று ஒரு கடையில் எனக்குத் திருநீறு பூசிவிட்டார்கள். இன்று காலை இங்கே லோடு ஏற்ற வரும்போது, பஸ் நிறுத்தத்துக் கடையில் ஒரு பெரியவர் என்னை ஓரமாகக் கூப்பிட்டு...

"யோவ் தம்பி! அங்க யாருகிட்டய்யா பேசிக்கிட்டு நிக்குற? பீரோவத் தூக்க ஆளு வேணும், வா!"

அக்காதான். போக வேண்டும். இதை மட்டும் சொல்லிவிடுகிறேன்: துக்கத்தில் இருப்பவர் ஒன்று கேட்டால் வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டு நாம் நம் வீட்டுக்குப் போய்விடுகிறோம், அவரோ அந்தப் பதிலுக்குள்ளேயே குடியிருக்கிறார்.