மேலிருந்து எடுத்த படம்

என் அலமாரியில் ஒரு புத்தகம் குறைந்தால் எனக்கு உடனே தெரிந்துவிடும். வரிசை அப்படி. பீரங்கிக் காலத்துச் சண்டைகள் மேல் தட்டில், உலகப் போர்கள் நடுவில், ஆளில்லா விமானமும் கணினிப் போரும் கீழே. போன மழைக்காலத்தில் கீழ்த்தட்டில் ஓர் இடைவெளி விழுந்தது. முதலில் பழைய பேப்பர்காரனைச் சந்தேகித்தேன். பிறகு மனைவியை. அவள் தலையில் அடித்துக்கொண்டாள். "ஒங்க பட்டாளப் புஸ்தகத்தை யார் எடுக்கப் போறா? எடைக்குப் போட்டாக்கூட வேண்டாம்னுடுவான்."

நான் பட்டாளத்தில் இருந்தவனில்லை. சர்க்கார் ஆபீஸில் கோப்பு தள்ளி ஓய்வுபெற்றவன். ஆனால் ராணுவ வரலாறு என்றால் எனக்குப் பைத்தியம். அந்தப் படிப்புதான் என்னைச் சந்தேகப் பிராணி ஆக்கியது என்று மனைவி சொல்வாள், நான் மறுப்பதில்லை. தளபதிகள் எழுதிய நினைவுக்குறிப்பு எதையும் நம்ப மாட்டேன். தோற்றவர் மழையைக் குறை சொல்வார், ஜெயித்தவர் மழை பெய்ததையே சொல்ல மாட்டார். ஒரே சண்டைக்கு இரண்டு பக்கத்து ஆட்களின் புத்தகத்தையும் வாங்கி வைத்துப் படிப்பேன். வரைபடத்தில் அம்புக்குறி ரொம்ப நேராகப் போனால் பக்கத்தில் கேள்விக்குறி போடுவேன்.

சில நாளில் அந்தப் புத்தகம் தன் இடத்துக்கு வந்துவிட்டது. பக்கத்துப் புத்தகம் காணாமல் போனது. திரும்பி வந்ததன் நடுவே அடையாளத்துக்கு ஒரு ஹேர்பின். மகளுடையது.

எனக்குத் திக்கென்றது. ஊர்க்கோடியில் இருக்கிற கழக்கூட்டத்தில் ஒரு ஐடி கம்பெனியில் வேலை பார்க்கும் அவள், சின்ன வயதிலிருந்தே என் அலமாரியைக் கண்டால் மூக்கைச் சுளிப்பவள். அவளுக்கு ஏவுகணை மேல் திடீர்ப் பாசம் ஏன்? முடிச்சுப் போட்டுப் பார்த்தேன். ராணுவ முகாம் இருக்கிற ஊர் இது. எவனோ ஒரு ஆபீசர் பையன். அவனிடம் விஷயம் தெரிந்தவள் போலப் பேச என் புத்தகம் வேண்டியிருக்கிறது.

"ஒங்களுக்கு வேற வேலை இல்லை," என்றாள் மனைவி. "ஆபீஸ் விட்டு வந்தா கொழந்தைக்குப் பேச்சே இல்லை, சாதம் இறங்கலை, அதைப் பாருங்கோ. போன் பண்ணினாலும் எடுக்கறதில்லை. உள்ள போன் கொண்டுபோகப்படாதாம், லாக்கர்ல வெச்சுட்டுத்தான் போகணுமாம்."

சாஃப்ட்வேர் ஆபீஸில் போன் கூடாதா? யாருக்குக் காது குத்துகிறாள்? மறுநாளே தம்பானூர் பஸ் ஸ்டாண்டில் பஸ் ஏறிக் கழக்கூட்டத்தில் இறங்கி, அவள் ஆபீஸ் வளாகத்துக்கு எதிரே ஒரு டீக்கடையில் உளவாளி மாதிரி உட்கார்ந்தேன். குடையால் முகத்தை மறைத்துக்கொண்டதை நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது. மதியம் அவள் வெளியே வந்தாள். ஒட்ட வெட்டிய தலையோடு எவனும் வரவில்லை. தனியாக ஒரு குட்டைச் சுவரில் உட்கார்ந்து, டப்பாவைத் திறந்து, ஒரு வாய்கூடத் தின்னாமல் மூடினாள். பிறகு வெகுநேரம் வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். காதலிக்கிற பெண்ணின் முகம் அது இல்லை என்று எனக்கே தெரிந்தது. அப்போதும் என் புத்தி விடவில்லை. பாவி ஏமாற்றிவிட்டான் போலிருக்கிறது என்று முடிவு கட்டிக்கொண்டு அடுத்த பஸ்ஸில் திரும்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை மனைவி கோயிலுக்குப் போயிருந்தாள். மகள் சாப்பாட்டு மேஜையில் தோரன் பொரியலுக்கு நீளப் பயற்றங்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். நேராகவே கேட்டுவிட்டேன்.

"யாருடி அந்தப் பட்டாளக்காரன்?"

அவள் முழித்தாள். பிறகு சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள்.

"பட்டாளக்காரன் யாருமில்லப்பா. நானே பட்டாளத்தில சேந்துட்டேனோன்னு ஒரு சம்சயம். அதுக்காக்கும் ஒங்க புஸ்தகத்தை எடுத்தேன்."

அவள் செய்யும் வேலை என்னவென்று அன்றுதான் முதல் தடவையாகக் காது கொடுத்துக் கேட்டேன். ட்ரோன் எடுத்த படங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் திரையில் வரும். தெரிகிறதைச் சுற்றிக் கட்டம் போட்டு, இது லாரி, இது ஆடு, இது ஆள் என்று பெயர் ஒட்ட வேண்டும். அதைப் பார்த்து மெஷின் தானாகக் கற்றுக்கொள்ளுமாம். விவசாயக் கணக்கெடுப்புக்கு என்றுதான் சொல்லியிருந்தார்கள். எந்த ஊர்ப் படம், யாருக்குப் போகிறது என்று கேட்கக் கூடாது.

"கொறச்சு நாளா புதுசா ஒரு பேரு சேத்திருக்கா. ஆயுதம் வெச்சிருக்கற ஆள்னு. வெவசாயத்துக்கு அது எதுக்குப்பா?"

என் பெண்தான் என்று நினைத்துக்கொண்டேன். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

"வேலைய விடணுமா வேண்டாமான்னு நேக்குத் தெரியணும். ஒங்களுக்கு இதெல்லாம் அத்துப்படியாச்சே. இது என்னன்னு சொல்லுங்கோ." நறுக்கிய துண்டு மூன்றை மேஜைமேல் வரிசையாக வைத்தாள். அவற்றின் மேல் நறுக்காத ஒரு பயற்றை நீளவாக்கில் கிடத்தினாள். "மூணு ஆள். மேலேந்து பாத்தா மொகம் தெரியாது, தலையும் நெழலுந்தான். தோள்ல இது. வேகமாப் போறா."

குனிந்து பார்த்தேன். தளபதிகளை நம்பாத நான், புதுக் காலத்துப் போரைப் பற்றிய புத்தகங்கள் துல்லியம், துல்லியம் என்று சொன்னதை மட்டும் அப்படியே விழுங்கியிருந்தேன். எத்தனை படம் பார்த்த கண்! ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"ராக்கெட் ஏவற குழாய். மூணு பேர் தூக்கிண்டு ஓடறான்னா சந்தேகமே வேண்டாம்."

"நானும் அதான் போட்டேன்."

"பின்ன என்ன? சரியாத்தானே போட்டிருக்கே."

"அதை அனுப்பினப்பறம் அடுத்த படம் வந்துது. அதை ஒரு மரத்தில சாத்தி ஒருத்தன் ஏறறான். ஏணிப்பா. கீழ ஒரு பொம்மனாட்டி கூடையோட நிக்கறா."

மறுபடி குனிந்து மேஜையைப் பார்த்தேன். "திருத்தச் சொல்லலையா?" என்றேன் பிறகு.

"சொன்னேன். போனது போயாச்சு, ஒரு படத்தில என்ன வந்துடப் போறதுன்னு ஆபீஸ்ல சொல்லிட்டா. இனி அந்த மெஷின் எங்க ஏணியப் பாத்தாலும்..." முடிக்காமல் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஒங்க புஸ்தகத்தில தேடினேம்பா. குண்டு போட்டவா பேரு, விமானத்தோட பேரு எல்லாம் இருக்கு. ஏணி எதுலயும் இல்லை."

சந்தேகமே வேண்டாம் என்று அத்தனை சட்டென்று சொன்ன என் வாயை நினைத்து எனக்குப் பயமாக இருந்தது. வெட்கமாகவும் இருந்தது. அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"நாளைக்கே எழுதிக் குடுத்துட்டு வந்துடுடி. இந்த வேலை நமக்கு வேண்டாம்."

அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை. மேஜையில் கிடந்த பயற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் வந்துட்டா, அது ஏணின்னு அந்த மெஷினுக்கு யாருப்பா சொல்லிக்குடுப்பா?"