ஜூனுக்குப் பின் வந்த பிப்ரவரி

தினமும் காலை ஏழரைக்கு ஹில்டா ரஸ்பி முன்னறைத் திரைச்சீலையை விலக்குவாள். எதிர்வீட்டு ஆலிவ் பென்டல் அதைப் பார்த்த பிறகுதான் தேநீருக்குத் தண்ணீர் வைப்பாள். எட்டு மணிவரை திரை விலகாவிட்டால் ஆலிவ் தன்னிடமுள்ள சாவியோடு வந்து பார்க்க வேண்டும். ஹில்டாவின் கணவர் இறந்த வருஷம் செய்துகொண்ட ஏற்பாடு அது. அவளுக்கும் இதயம் சரியில்லை என்று டாக்டர் சொன்னது அந்த வருஷம்தான். பதினோரு வருஷத்தில் ஒருமுறைகூடச் சாவிக்கு வேலை வரவில்லை.

மே மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை அந்தச் சாவி, உறைக்குள், கதவின் தபால் துவாரம் வழியாக வந்து விழுந்தது. உறையில் வேறு எதுவும் இல்லை.

ஹில்டா எங்கள் ஆங்கிலேயக் கிராமமான ஸ்கெல்பியில் முப்பத்தொரு வருஷம் தபால் கொடுத்தவள். கடிதங்களைத் தெரு வாரியாக, வீட்டு வாரியாக அடுக்கியே பழகிய கை. ஓய்வு பெற்றதும் மாதா கோவில் ஏடுகளில் இறங்கினாள். ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம். முந்நூறு வருஷத்துப் பதிவுகளை ஒவ்வொரு அட்டையில் ஒவ்வொன்றாக எழுதி, வீட்டுப் பெயர், வருஷம், மாதம் என்று வரிசைப்படுத்திச் செருப்பு டப்பாக்களில் வைத்தாள். பதினாலு டப்பா. அதிலிருந்து மாதம் ஒரு குடும்பத்தைப் பற்றிக் கோவில் பத்திரிகையில் ஒரு பக்கம் எழுதினாள். அந்தப் பத்திரிகையைத் தட்டச்சு செய்வதும், மடித்துப் பின் அடிப்பதும் என் வேலை.

மே இதழில் பென்டல் குடும்பம். தாமஸ் பென்டலின் மூத்த மகனுக்கு 1734 பிப்ரவரி 12இல் ஞானஸ்நானம். தாமஸுக்கும் ஆனுக்கும் கல்யாணம் 1734 ஜூன் 10இல். அதற்குக் கீழே ஹில்டா எழுதியிருந்தாள்: “காதல் பாதிரியாருக்காகக் காத்திருக்கவில்லை.” தட்டச்சு செய்யும்போது நானும் சிரித்தேன்.

அடுத்த ஞாயிறு ஆலிவ் வழக்கமான பெஞ்சில் உட்காரவில்லை. எதிர்வரிசைக்குப் போய்விட்டாள். வாசலில் ஹில்டா நெருங்கியபோது, “வணக்கம், மிஸஸ் ரஸ்பி. நல்லா இருக்கீங்களா?” என்றாள். பள்ளிக்கூடத்திலிருந்து ‘வாடி போடி’ என்று பேசிக்கொண்டவர்கள். சாவி வந்தது அதற்கு இரண்டு நாள் கழித்து.

“மன்னிப்புக் கேட்டுடு ஹில்டா,” என்றேன்.

“எதுக்கு? ஏட்டுல இருக்கறதத்தானே எழுதினேன். அந்தப் புள்ளைய நானா பெத்தேன்?”

அப்படிச் சொன்னாலும் மாடிப்படியில் கைப்பிடியை விடாமல், படிகளை எண்ணிக்கொண்டு இறங்கத் தொடங்கினாள். குளியலறைக் கதவைத் தாழிடுவதை விட்டாள். விழுந்தால் யாராவது உள்ளே வர வேண்டுமே என்று என்னிடம் சொன்னாள். யார் வருவார்கள் என்பதை இருவருமே பேசவில்லை. காலையில் திரையை விலக்கிவிட்டு எதிர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். அங்கே ஆலிவ் தன் திரையைப் பாதி மூடி வைத்திருந்தாள்.

மூன்றாவது வாரம் ஹில்டா லிங்கனுக்குப் பஸ் ஏறினாள். ஆவணக் காப்பகத்தில் மூல ஏட்டை இன்னொரு முறை பார்க்க வேண்டும். தன் கண் ஏதாவது தவறு செய்திருக்காதா என்று அவள் ஆசைப்பட்டது அதுவே முதல் தடவையாக இருக்கும்.

கண் தவறு செய்யவில்லை. பிப்ரவரி 12, 1734. ஜூன் 10, 1734. இரண்டும் ஒரே பக்கத்தில் இருந்தன. ஆனால் ஜூன் மேலே இருந்தது, பிப்ரவரி கீழே. எழுதியவர் குடித்திருப்பார் என்று முதலில் நினைத்தாள். பக்கத்தைத் திருப்பினாள். அடுத்த வருஷமும் அப்படியே. டிசம்பர் 1735, அதன் கீழே ஜனவரி 1735. மார்ச் இருபத்தைந்துக்கு வந்த பிறகுதான் பெரிய எழுத்தில் 1736.

மேஜைக்குப் பின்னால் இருந்தவரிடம் கேட்டாள்.

“அப்பல்லாம் வருஷம் மார்ச் இருபத்தஞ்சுலதான் பொறக்கும்மா. 1752லதான் ஜனவரிக்கு மாத்தினாங்க. உங்க ஊர்ப் பக்கம் பண்ணைக் குத்தகை எப்ப மாறும்?”

“மார்ச் இருபத்தஞ்சு,” என்றாள் ஹில்டா. முப்பத்தொரு வருஷம் அந்த நாளில்தான் பழைய குடியானவனின் கடிதங்களைப் புதிய விலாசத்துக்குத் திருப்பிவிட்டிருக்கிறாள்.

ஏடு சரியாகத்தான் இருந்தது. அட்டைகளை வரிசைப்படுத்தியபோது, ஜனவரியை முதலில் வைத்தது அவள் கைதான்.

திரும்பி வந்ததும் கோட்டைக்கூடக் கழற்றாமல் எதிர்வீட்டுக் கதவைத் தட்டினாள். ஆலிவ் கதவைப் பாதிதான் திறந்தாள்.

“தப்பு என்னோடதுதான் ஆலிவ். ஜூன்லதான் கல்யாணம். பிப்ரவரி அதுக்கப்புறம் வந்தது.”

“பிப்ரவரி எப்பவும் ஜூனுக்கு அப்புறந்தான் வருது, மிஸஸ் ரஸ்பி. அடுத்த வருஷம்.”

“அதேதான். அவங்களுக்கு அதுவும் 1734தான்.” மார்ச் இருபத்தைந்து பற்றி விளக்கினாள். மூச்சு வாங்கியது.

ஆலிவ் விரல்விட்டு எண்ணினாள். “எட்டு மாசம்.”

“குறைமாசமா இருக்கலாம்.”

“பத்திரிகையில போடுங்க. முன்ன போட்ட அதே இடத்துல, அதே அளவுல.”

“போடறேன்.” ஹில்டா சாவியை எடுத்து நீட்டினாள். ஆலிவ் கை நீட்டவில்லை. ஹில்டா அதை வாசற்படியில் இருந்த காலிப் பால் புட்டிகளுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வந்தாள். அவள் தெருவைக் கடக்கும்போது கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

மறுநாள் விடியும் முன்பே எழுந்துவிட்டாள். பஸ்ஸில் வரும்போதே உறுத்திய ஒன்று இருந்தது: பென்டல் மட்டும்தானா? 1752க்கு முந்தைய ஜனவரி, பிப்ரவரி, மார்ச் 24 வரையான அட்டைகள் எல்லாமே இடம் மாறி இருக்கின்றன. ஆறு வருஷமாக அவற்றை வைத்துத்தான் எழுதியிருக்கிறாள். மேஜை விளக்கைப் போட்டு டப்பாக்களைத் தரையில் கவிழ்த்தாள். மணியைப் பார்க்கவில்லை.

பூட்டில் சாவி திரும்பியது.

இரவு உடைக்கு மேல் மழைக்கோட்டுப் போட்டுக்கொண்டு ஆலிவ் வாசலில் நின்றாள். முகம் வெளுத்திருந்தது.

“மணி எட்டேகால் ஆகுதுடி! தரையில உக்காந்து சீட்டு வெளயாடறியா? செத்துத் தொலைஞ்சியோன்னு ஓடி வரேன்.”

ஆலிவ் போய்த் திரையை இழுத்து விலக்கினாள். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து மூச்சை விட்டாள்.

“எம்மவன் கீத் குறைமாசத்துல பொறந்தான்னு ஊருக்கெல்லாம் சொன்னோமில்ல, எட்டு மாசம்னு,” என்றாள். “ஒம்பது பவுண்டு எடை, கொழுகொழுன்னு இருந்தான்டி. உன் பக்கத்தப் படிச்சப்ப, நீ என்னைத்தான் எழுதியிருக்கன்னு நெனச்சேன்.”

“சத்தியமா எனக்குத் தெரியாது ஆலிவ்.”

“தபால்காரிக்குத் தெரியாதது இந்த ஊர்ல உண்டா?”

ஹில்டா கையிலிருந்த இரண்டு அட்டைகளை நீட்டினாள்: ஒரு பிப்ரவரி அடக்கம், அதே வருஷம் ஜூனில் ஒரு கல்யாணம். இரண்டு வருஷம் முன் மார்ஃப்லீட் குடும்பத்தின் பக்கத்துக்காக எடுத்தவை. பெண்டாட்டி செத்த நாலாம் மாசம் மறு கல்யாணம் செய்துகொண்டவர் என்று அவர்களுடைய முப்பாட்டன் ஒருவரைப் பற்றி எழுதியிருந்தாள். அவர்கள் அந்தப் பக்கத்தைச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறார்கள்.

ஆலிவ் படித்தாள். உதடு அசையாமல் மாதங்களை எண்ணினாள்.

“அப்ப கல்யாணம் நடந்தப்ப மொதல் பெண்டாட்டி—”

“உயிரோட இருந்திருக்கா.”

ஆலிவ் அட்டைகளைக் கவிழ்த்து வைத்தாள். இருவரும் ஜன்னல் வழியாகப் பார்த்தார்கள். தெருக்கோடியில் மார்ஃப்லீட் வீட்டில் திரைகள் விலகியிருந்தன.