பத்தாவது கோள் கூட்டி வந்த அத்தான்

மண்ணெண்ணெய்க் கரி மணம் எங்க வந்தாலும் எனக்கு எங்கட அத்தான்ட ஞாபகம்தான் வரும்...

உடைஞ்ச ஜன்னல் கண்ணாடித் துண்டை குப்பி விளக்குக்கு மேல பிடிச்சு, கறுக்கக் கறுக்கக் கரி ஏத்துவார். மறுகா பின்னேரம் வாவிக்கரையில போய்க் குந்தியிருந்து அந்தக் கண்ணாடிக்குள்ளால சூரியனைப் பார்ப்பார். சூரியனுக்குப் பக்கத்தில இன்னொண்டு ஒளிஞ்சு நிக்குதாம். பெரிய கோளாம். பூமியில இடிக்க வருதாம். விஞ்ஞானிமார் தெரிஞ்சும் மறைக்கிறாங்களாம்.

சிரிக்காதீங்க. சிரிக்கிறதா அழுறதா எண்டு எங்களுக்கே தெரியாமத்தான் அந்த நாளெல்லாம் போனது.

அத்தான் எண்டது அக்காட புருசன். கத்தாரில ஏசி திருத்துற வேலை. கலியாணம் முடிச்ச கையோட போனவர், மகள் பிறந்ததையும் ஐமோ வீடியோ கோலிலதான் பார்த்தார். பிள்ளைக்கு அப்பா எண்டா போன்தான். போன் சார்ஜில கிடந்தா "அப்பா நித்திரை" எண்டு சொல்லும்.

அக்கா எவ்வளவு கெஞ்சியிருப்பா... "ஒருக்கா வந்து முகத்தைக் காட்டிட்டுப் போங்களன்" எண்டு. "வாற வருசம், வீட்டு வேலை முடியட்டும்" எண்டுவார். வாற வருசமும் அதே கதைதான்.

நான் அப்ப புளியந்தீவில ஒரு ஸ்டூடியோவில வேலை. பாஸ்போட் சைஸ் படம் வெட்டிக்கொண்டு நிக்கக்குள்ள அக்காட கோல்.

"தம்பி, அத்தான் கட்டுநாயக்கா எயார்போட்டில வந்து நிக்கிறாராம்டா!"

சந்தோசமா பயமா எண்டு அந்தக் குரலைக் கேட்டு விளங்கல்ல.

எங்கட ஊர் பெரியகல்லாற்றில வந்து இறங்கின ஆளிட்ட சொக்லேட் இல்ல, சவர்க்காரம் இல்ல, கம்பளி இல்ல. பெரிய டோர்ச் ஒண்டு, கயிறு, லைஃப் ஜக்கெட். வீட்டில எல்லாருக்கும் ஒவ்வொண்டு, பிள்ளைக்குச் சின்ன சைஸில. எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டு ஆக்கள் ஏமாந்து போனாங்க.

போனில ரெண்டாவது சூரியன்ட படத்தைக் காட்டினார். நான் படம் எடுக்கிற ஆள்தானே, பார்த்ததும் தெரிஞ்சிட்டு. "அத்தான், இது லென்ஸில விழுந்த வெளிச்சம்" எண்டன்.

அவர் கோபப்படல்ல.

"இருக்கலாம் மச்சான். ஆனா சுனாமி அண்டைக்கும் ஒருத்தரும் சொல்லல்லதானே? எல்லாம் முடிஞ்ச மறுகாதானே அதுக்குப் பேர் சொன்னாங்க."

அவர்ட அம்மாவை அண்டைக்குத்தான் கடல் கொண்டு போனது. அவர் அப்ப ஊரில இல்ல. அதுக்குப் பிறகு நானும் மெல்லமா வானத்தைப் பார்க்கத் தொடங்கினன்.

அம்மாட குழப்பம் வேற மாதிரி. கோயிலுக்குப் போய் நவக்கிரகத்தைச் சுத்திப்போட்டு ஐயரிட்டக் கேட்டிருக்கா, "பத்தாவது ஒண்டு வருதாம் ஐயா, அதுக்கு எங்க எண்ணெய் எரிக்கிற?" எண்டு. ஐயரும் "சனிக்கே எரிச்சு வைங்கம்மா, எந்தக் கரைச்சல்லயும் அவருக்கு ஒரு பங்கிருக்கும்" எண்டாராம். எரிச்சிட்டு வாற வழியில அம்மா நண்டும் வாங்கி வந்தா. உலகம் அழியுறதுக்குள்ள மருமகனுக்கு வாய்க்கு ருசியா ஆக்கிப் போடோணுமாம்.

அக்கா ஒண்டும் கேட்கல்ல. "கோளோ கொள்ளியோ, மனிசன் வந்திட்டார்" எண்டு தலைக்குப் பூ வெச்சா.

அத்தான் போனில பார்க்கிற வீடியோவில உலகம் அழியுற திகதி ஒண்டு சொல்லுவாங்க. அந்தத் திகதி வரும், போகும். உடன இன்னொரு திகதி. தள்ளிப் போகப் போக அக்காட முகத்தில ஒரு வெளிச்சம். ஒருநாள் குசினியில அடுப்புக்குப் பக்கத்தில வெச்சு மெல்லமாக் கேட்டா.

"தம்பி, அது இன்னும் தூரத்திலதானே வருது?"

"அப்பிடி ஒரு சாமானே இல்லக்கா."

"தெரியும் மனே... அவருக்குச் சொல்லிப்போடாத. இல்லையெண்டு விளங்கினா அண்டைக்கே டிக்கெட் போட்டிருவார்."

கோள் வந்தா எல்லாரும் செத்துப்போவம். வராட்டி அத்தான் போயிருவார். இதில எது நடக்கோணும் எண்டு கும்பிடுற? கோயில்ல கண்ணை மூடினா எனக்கு ஒண்டும் கேட்கத் தோணாது.

பிள்ளைக்கு மட்டும் ஒரு குழப்பமும் இல்ல. லைஃப் ஜக்கெட்டைக் கழட்டாமச் சோறு தின்னும், அதோடயே அத்தான்ட நெஞ்சில ஏறிப் படுக்கும். போனை எட்டியும் பார்க்கிறதில்ல.

மறுகா ஒரு பின்னேரம் அத்தான் வாவிக்கரையால எழும்பி வந்து, சவர்க்காரம் போட்டுக் கையைக் கழுவினார்.

"வராது போல மச்சான்."

சோதினையில பெயிலான பொடியன் மாதிரிச் சொன்னார். உலகம் தப்பிச்சதுக்கு ஒரு மனிசன் இப்பிடி முகம் வாடி நிண்டதை நான் வேற எங்கயும் காணல்ல.

நல்ல காலமோ கெட்ட காலமோ, சொல்லாம விட்டிட்டு வந்த ஆளைக் கம்பனி திருப்பி எடுத்தது. வேன் வந்து நிக்கக்குள்ள பிள்ளை அழல்ல. அத்தான்ட சேட்டுக் கையைப் பிடிச்சு இழுத்து, "அப்பா, அந்தக் கோள் திரும்ப எப்ப வரும்?" எண்டுதான் கேட்டது.

அத்தான் அக்காவைப் பார்த்தார். அக்கா என்னைப் பார்த்தா. நான் பேக்கைத் தூக்கி வேனில வெச்சன்.

இப்ப அத்தான் ஊரோடதான். சின்னதா ஒரு ஏசி கடை வெச்சிருக்கார். மகள் வளர்ந்திட்டா, இந்தக் கதையை எடுத்தா வெக்கத்தில எழும்பிப் போயிருவா.

கத்தாரில இருக்கிறது நான்.

என்ட மகன் இப்பதான் கதைக்கப் பழகுறான். வீடியோ கோலில என்னைக் கண்டா ஒருக்காச் சிரிப்பான், பிறகு விளையாடப் போயிருவான். மனிசி போனைத் தூக்கிக்கொண்டு அவனுக்குப் பின்னால ஓடுவா... எனக்குச் சுவரும் கூரையும்தான் தெரியும்.

அந்த வீடியோக்கள் இன்னும் வருது. கோளுக்குப் பேர் மாறியிருக்கு, திகதி மாறியிருக்கு. ரூமில பொடியன்மார் சிரிச்சிட்டு அழிச்சிருவாங்க. நான் மட்டும் கடைசி வரைக்கும் பார்ப்பன். பொய்யெண்டு நல்லாத் தெரியும். தெரிஞ்சும் ஏன் பார்க்கிறன், பயத்திலயா ஆசையிலயா... சத்தியமா விளங்குதில்ல.

போன கிழமையும் ஒண்டு வந்தது. அடுத்த மாசமாம். பார்த்து முடிச்ச கையோட மனேஜரிட்டப் போய் லீவு கேட்டன்.

"என்ன காரணம்?" எண்டார்.

"சும்மாதான் சேர்" எண்டிட்டு வேலைக்குத் திரும்பிட்டன்.