முத்திரை இல்லாத இரட்டைக் குழல்

பழைய துப்பாக்கிகளுக்கு விலை மதிக்கும் நோவெல்லா க்ராஹேவுக்கு நான் இருபது யூரோ கடன்பட்டிருந்தேன். பதினோரு வருஷம் கொடுக்கவில்லை. ஒற்றை எண்ணெய்ச் சட்டியில் தொடங்கி, மூன்று உருளைக்கிழங்கு வறுவல் கடை வைத்து, பெல்ஜியத்தின் லியேஜ் நகரத்தையே வரிசையில் நிற்க வைத்தவன் நான். வேறு எவருக்கும் ஒரு காசு பாக்கி வைத்ததில்லை.

துப்பாக்கியை அவர் முதலில் முகர்ந்துதான் பார்ப்பார். பக்கத்து ஊரான எர்ஸ்டாலில் அவர் வீட்டுச் சமையலறை மேசைதான் அலுவலகம். தாத்தா போய்விட்டார், மாமனார் போய்விட்டார் என்று, விட்டுப்போன வேட்டைத் துப்பாக்கியைக் குளியல் துண்டில் சுற்றிக்கொண்டு வருவார்கள். பாலிஷ் வாசனை வந்தால் போச்சு.

"யாரு தேச்சது?"

"நான்தான் மேடம். ஞாயித்துக்கிழமை பூரா தேச்சேன்."

"ஒரே ஞாயித்துக்கிழமையில ரெண்டாயிரம் யூரோவத் தேச்சுத் தள்ளிட்டீங்க. கெட்டிக்காரர்தான்."

பிறகு குழல்களைத் தனியாகக் கழற்றிச் சுண்டுவிரலில் தொங்கவிட்டு, விரல்முட்டியால் ஒரு தட்டு. அதற்கு முன்னால் ரேடியோவை நிறுத்துவார், ஃபிரிட்ஜின் பிளக்கைப் பிடுங்குவார், வாரிசுகள் மூச்சுவிட்டால் முறைப்பார். கோயில் மணிபோல ஒலித்தால் குழல்கள் நன்றாக ஒட்டியிருக்கின்றன. 'டொக்' என்றால் உள்ளே பற்றவைப்பு விட்டுப்போயிற்று. பன்னிரண்டாயிரம் பெறும் துப்பாக்கியானாலும் கோட்டு மாட்டத்தான் லாயக்கு என்றாலும் கூலி ஒன்றுதான், இருபது. என்னைப் போலவே பதினான்கு வயதில் பள்ளியை விட்டவர். ஆனாலும் அவர் எழுதிய சீட்டு இல்லாமல் இந்த ஊர் வக்கீல்கள் சொத்துப் பிரிக்க மாட்டார்கள்.

என் அப்பா விட்டுப்போன இரட்டைக் குழலும் பதினோரு வருஷத்துக்கு முன்னால் அந்த விரலில் தொங்கியது. ஒரு துப்பாக்கித் தொழிற்சாலையில் முப்பது வருஷம், துப்பாக்கியைத் தோளில் அணைக்கும் மரக்கட்டை செதுக்கியவர் அப்பா. ஆர்டென் காட்டில் வேட்டைக்குப் பன்றி கலைத்துவிட்டதற்காகப் பிரபு ஒருவர் பரிசாகக் கொடுத்தது என்று சொல்லியே வளர்த்தார். மணி நன்றாகத்தான் ஒலித்தது. நோவெல்லா குழலைப் புரட்டி அடிப்பக்கம் பார்த்தார். முத்திரை இல்லை. இந்த ஊரில் பிறந்த துப்பாக்கி எதுவும் சோதனைச்சாலைக்குப் போய் முத்திரை வாங்கியாக வேண்டும். வாங்காததைத் துப்பாக்கி என்று விற்க முடியாது.

"இது பிரபு வீட்டுப் பக்கமே போனதில்ல, முதலாளி. துண்டு துண்டா சாப்பாட்டு டப்பாவுல உக்காந்து பாக்டரியிலேருந்து வந்திருக்கு."

"எங்கப்பாவத் திருடன்னு சொல்றீங்களா?"

"நாப்பது யூரோ பெறும், ஆணியில மாட்டிக்க. எனக்கு இருபது."

கொடுக்காமல் எழுந்து வந்தேன். பெரிய கடையில், 'பிரபுவின் பரிசு' என்று பித்தளைத் தகடு அடித்து மாட்டினேன். வியாபாரம் ஏறியது. என் உருளைக்கிழங்குக்கும் அதில் பங்குண்டு.

போன மாதம் வறுவல் தின்ன வந்த ஆண்ட்வெர்ப்காரர் ஒருவர் தகட்டைப் படித்துவிட்டு ஆறாயிரம் தருகிறேன் என்றார். ஒரே நிபந்தனை, பிரபுவின் துப்பாக்கிதான் என்று நோவெல்லா சீட்டு எழுத வேண்டும். ஆறாயிரம் எனக்குப் பெரிதில்லை. அந்தச் சீட்டு வந்தால் அப்பா பேரிலிருந்து திருடன் என்ற சொல் இறங்கிவிடும். துண்டில் சுற்றிக்கொண்டு போனேன்.

பழைய பாக்கியைப் பற்றி அவர் பேசவில்லை.

"தோள்ல வைங்க."

வைத்தேன். பன்றியைத் தட்டில் மட்டும் சந்தித்தவன், துப்பாக்கியைத் தோளில் வைத்தது அன்றுதான் முதல்முறை. கழுத்தை வளைக்கவில்லை, கையை நீட்டவில்லை. குழல் தானாகக் கண்ணுக்கு நேரே வந்து நின்றது. எனக்கு நீளக் கழுத்து, குட்டைக் கை. ரெடிமேட் சட்டை எதுவும் இன்றுவரை பொருந்தியதில்லை.

"கட்டைய ஒரு ஆளுக்குன்னு அளவெடுத்துத்தான் செதுக்குவாங்க. உங்க பிரபுவுக்கும் இதே ஒட்டகக் கழுத்தா?"

தொழிற்சாலையில் அப்பாவைக் கொக்கு என்றுதான் கூப்பிடுவார்கள். 

"முப்பது வருஷம் அடுத்தவன் தோளுக்குச் செதுக்குன மனுஷன், ஒண்ணே ஒண்ணு தனக்குச் செதுக்கிக்கிட்டார். அந்தக் காலத்துல எவன் டப்பா காலியா வீட்டுக்கு வந்துச்சு? சீட்டு வேணும்னா நாப்பதுன்னுதான் எழுதுவேன்."

உருளைக்கிழங்கு விவசாயிகளைப் பேரம் பேசியே அழ வைத்தவன் நான். அன்று துப்பாக்கியைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டேன். அங்கிருந்தே ஆண்ட்வெர்ப்காரரைப் போனில் கூப்பிட்டு, விற்பனைக்கு இல்லை என்றேன். பர்ஸை எடுத்தேன். நோவெல்லா கையை நீட்டினார். ஒரு பத்து, இன்னொரு பத்து. விரல்கள் மடங்கவில்லை.

"அது அன்னைக்குப் பாத்ததுக்கு."

அதே உள்ளங்கையில் இன்னும் இரண்டு பத்துகளை எண்ணி வைத்தேன்.