நிறுத்தி வைத்த எட்டுத் தறிகள்

ஆட்டையாம்பட்டியில் என் அத்தை வீட்டின் பின்கட்டில் எட்டு விசைத்தறிகள் ஓடும். முன்னறைக் கம்ப்யூட்டரில் அத்தை சேலை பார்டருக்கு டிசைன் போடுவார். விடுமுறைக்குப் போன நான், அதில் கேம் திணறுகிறதென்று அதன் அடிப்படை அமைப்பான பயாஸில் புகுந்து பிராசசரின் வேகத்தை ஏற்றிவிட்டேன். பத்து நிமிடம் சோதித்ததில் சரியாக ஓடியது. யாரிடமும் சொல்லவில்லை.

மறுநாள் அத்தை டிசைன் போட்டுக்கொண்டிருக்கையில் பாதியிலேயே திரை நீலமாகி அணைந்தது. நான் ஏற்றிய வேகத்தை அது தாங்கவில்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும், "தறி ஓடறதால வோல்டேஜ் குறையுதுங்க அத்தை," என்றேன்.

படித்த பையன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அத்தை எட்டுத் தறிகளையும் நிறுத்தச் சொன்னார். அன்று மாலைக்குள் டிசைன் முடிந்தாக வேண்டும். நெய்தால்தான் கூலி என்றிருக்கும் பழனியண்ணன், "சத்தத்துல கம்ப்யூட்டருக்குத் தூக்கம் வரலையாட்ட இருக்குது," என்று சிரித்தபடி வந்து நின்றார்.

அந்த வீட்டில் அப்படியொரு அமைதியை நான் கேட்டதே இல்லை. அந்த அமைதியிலேயே திரை மறுபடியும் நீலமானது.

"நாந்தான் எதையோ மாத்தி அமுக்கிப்போட்டனாட்ட இருக்குது," என்றார் அத்தை.

அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. "நீங்க இல்லீங்க அத்தை. நாந்தான் வேகத்த ஏத்தி வெச்சேன். தறி மேல பொய்யாப் பழி போட்டுட்டேன்," என்றேன். தலை நிமிராமலே பழைய வேகத்துக்கு மாற்றினேன்.

அத்தை திட்டவில்லை. "அப்பத் தறியப் போடச் சொல்லலாமா சாமி?" என்று என்னிடமே கேட்டார்.

இன்றும் எந்தக் கம்ப்யூட்டர் உறைந்து நின்றாலும் எனக்கு அந்தக் கேள்விதான் கேட்கிறது.