ஒன்று இருபதுக்கு மாறிய கோப்பு

போன வாரம் மாமல்லபுரத்தில் ஓர் ஓட்டலில் மெனு அட்டையைப் பிரித்தேன். அவியல் என்பதை ஆங்கிலத்தில் அச்சிட்டிருந்தார்கள். ஏ-யும் வி-யும் கோபித்துக்கொண்டவர்கள் மாதிரி தள்ளித் தள்ளி நின்றன. சாப்பாடு வருவதற்குள் எனக்குப் படூர் ஞாபகம் வந்துவிட்டது.

பல வருஷத்துக்கு முன்னால் அங்கே வெளிநாட்டுப் புத்தகங்களுக்குப் பக்கம் அமைத்துத் தரும் கம்பெனியில் எனக்கு வேலை. எழுத்துருவோடு ஓர் அளவுக் கோப்பும் வரும். எந்த எழுத்து எவ்வளவு அகலம், எந்த ஜோடி நெருங்கி நிற்க வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கும். அதை எங்கள் மென்பொருளுக்குப் புரிகிற வடிவத்துக்கு மாற்றுவது என் பொறுப்பு. கம்ப்யூட்டரில் ஒரு வரிக் கட்டளைதான். ஆனாலும் செங்கல்பட்டுச் சொந்தக்காரர்களிடம், எழுத்தையே நான்தான் படைக்கிறேன் என்கிற தோரணையில் பேசிக்கொண்டிருந்தேன்.

பக்கத்து நாற்காலி சேகர், செய்யூர்க்காரன். மதியம் எல்லோரும் கீழே இறங்கினாலும் அவன் சீட்டிலேயே சாப்பிடுவான். டப்பாவில் தினமும் வேர்க்கடலைத் துவையல்.

ஒரு தடவை ஒரு கணிதப் புத்தகம் வந்தது. ஆசிரியர் முதல் புரூஃபைத் திருத்தி அனுப்பிவிட்டார். இரண்டாவது புரூஃப் எடுத்தால் வரிகள் இடம் மாறி, பக்கங்கள் நகர்ந்து, சொல்லடைவில் பக்க எண்கள் முழுக்கத் தப்பு. அளவுக் கோப்பைப் பார்த்தேன். முந்தின நாள் மதியம் ஒன்று இருபதுக்கு யாரோ மாற்றியிருந்தார்கள். உங்களிடம் சொல்வதற்கென்ன, என் கீபோர்டை முகர்ந்தே பார்த்தேன். வேர்க்கடலை வாசனை!

டீம் லீடர் பதவி எங்கள் இருவரில் ஒருவருக்கு என்று அப்போது பேச்சு. அன்று முழுக்க சேகர் சிரித்தால் என்னைப் பார்த்துச் சிரிப்பதாகவே பட்டது. அவனிடம் ஒரு வார்த்தை கேட்காமல் மேனேஜரிடம் போய்ச் சொன்னேன்.

அவர் எல்லோர் முன்னாலும் விசாரித்தார். சேகர் மறைக்கவில்லை.

"நான்தான் சார் மாத்துனேன். இவன் கமாண்டுல ஒரு எழுத்த வுட்டுட்டான், ஜோடி எழுத்து ஒண்ணுமே நெருங்கி நிக்கல. சொன்னா பேஜாராயிடுவான்னு நானே திரும்ப ஓட்டிட்டேன். மொத புரூஃப் அதுக்கு முன்னாடியே போய்ட்ச்சின்னு தெரியாது சார்." பிறகு என் பக்கம் திரும்பினான். "என்னாண்ட கேட்டிருக்கலாமே மச்சான், பக்கத்துலதான கீறேன்?"

சொல்லாமல் கோப்பைத் தொட்டதற்கு அவனை வேறு பிரிவுக்கு அனுப்பினார்கள். ஒரு மாதத்தில் வேலையையே விட்டுப்போனான். நான் டீம் லீடர் ஆனேன். என்னைக் காப்பாற்றத்தான் செய்தானா, பிற்பாடு சொல்லிக்காட்டவா என்று பல வருஷம் சந்தேகப்பட்டேன். அப்படிச் சந்தேகப்படுவது எனக்கு வசதியாக இருந்தது.

இப்போது அகலமும் இடைவெளியும் எழுத்துருவுக்குள்ளேயே வந்துவிடுகின்றன. மாற்றித்தர ஆள் வேண்டாம். கம்பெனி இருந்த மாடியில் ஜிம் நடக்கிறது. ஓட்டலிலிருந்து வெளியே வந்து சேகரின் பழைய நம்பருக்கு அடித்துப்பார்த்தேன். ஒரு பெண் எடுத்தாள்.

"சேகரா? அப்டி யாரும் இல்ல இங்க. நீ யாரு, இன்னா வோணும் உனக்கு?"

குரலில் அத்தனை சந்தேகம். மன்னிப்புக் கேட்க என்று அவளிடம் எப்படிச் சொல்வது? வைத்துவிட்டேன்.