சுவருக்கு மேலே போன புகை

கரமனையில் எங்கள் வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் ஒரே ஓட்டுக்கூரை. நடுச்சுவர் உத்தரத்தோடு நின்றுவிடும். அதற்கு மேல் அடைப்பில்லை. மழைக்காலத்தில் ஜன்னல்களைச் சாத்திக்கொண்டு, குழந்தையைக் குளிப்பாட்டியதும் சாம்பிராணி போடுவேன். உடனே அந்தப் பக்கம் தனியாக இருந்த மாமி இருமத் தொடங்குவாள். வேண்டுமென்றே இருமுகிறாள் என்று எனக்கு எரிச்சல். இன்னும் ஒரு பிடி அள்ளிப் போடுவேன்.

ஒருநாள் சாம்பிராணி போட்ட கையோடு சண்டைக்கே கிளம்பிப் போனேன். ஜன்னலில்லாத அவள் அறையில் ஈரவிறகின் புகையும் என் சாம்பிராணிப் புகையும் கலந்து மண்டியிருந்தன. சுவரில் சாய்ந்து மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்த மாமி, என்னைக் கண்டதும் கையை ஆட்டித் தடுத்தாள்.

“உள்ளே வராதேடீ. எங்கேர்ந்து இத்தனை புகை வரதுன்னே தெரியலை. கைக்குழந்தைக்காரி நீ, வெளியிலேயே நில்லு.”